விதை எண்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
உரக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
யூரியா வாடை ஏறிவரும் அறையில்
ஒரு மலையை நனைத்துக்கொண்டிருக்கிறேன்.

மழை என்றால் இங்கே இரண்டு லட்சம் துளி.
ஒவ்வொன்றையும் எங்கோ ஓரிடத்தில் போடும் மென்பொருள்.
துளி பள்ளம் பார்த்து ஓடும்,
வேகம் இருக்கும்வரை மண் அள்ளும்,
வேகம் தளர்ந்த இடத்தில் இறக்கிவைக்கும்.
முப்பது எட்டு.
அதற்குள் செத்துப்போகும்.
அடுத்த துளி.

இவ்வளவுதான் ஆறு.

பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்கு
ஒரு மலைத்தொடர் வேண்டும்.
குதிரையில் போகிறவன் ஒருவன்
நாற்பது நொடி திரும்பிப் பார்ப்பான்.
"கிழடு தட்டினாப்பல இருக்கணும் மேடம்" என்றான் பிரஜ்வல்.
"ஆனா அழகா."

முதல் மலை
கசக்கி விரித்த சிமென்ட் பை.
இரண்டாவது, இளகிய வெல்லம்;
மண்ணின் பிடிமானத்தை ரொம்பக் குறைத்துவிட்டேன்.
மூன்றாவதில் நாலு லட்சம் வருஷத்தை
ஆறு நிமிஷத்தில் ஓட்டினேன்.
மூன்றேகால் லட்சத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தக் கத்த
பாதி அறுத்த பள்ளத்தாக்கில் ஓர் ஆறு
மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

பிறகுதான் தோன்றியது,
இல்லாத மலையை ஏன் பிசைய வேண்டும்?
செயற்கைக்கோள் எடுத்த உயரக் கணக்கு சும்மா கிடைக்கிறது.
ஜன்னலில் தெரிகிற மலையையே இறக்கினேன்.
வெள்ளை என்றால் உயரம், கறுப்பு என்றால் தாழ்வு.
மேற்குச் சரிவில் மட்டும்
சதுரமாய் ஒரு கறுப்பு.
பிழை என்று நினைத்துப் பெரிதாக்கினேன்.
பிழையில்லை. குவாரி.

மழையைத் திறந்தேன்.
துளிகள் இறங்கின, அள்ளின,
கேக் வெட்டினாற்போல நின்ற அந்த விளிம்பு வரை ஓடி
உள்ளே விழுந்தன.
விழுந்த ஒன்றும் வெளியே வரவில்லை.
கீழே ஓடை மெலிந்து கோடாகி
கோடும் கலைந்தது.
திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை:
நீர் வெளியேற வழியில்லை. பள்ளத்தை நிரப்பவா?

கை மவுசில் இருந்தது.

கீழே ஹாரன்.
செவ்வாயும் வெள்ளியும் வருகிற டேங்கர்.
குவாரித் தண்ணீர்தான், நாகோஜி ராவ் மறைக்கவே மாட்டார்.
"கெணத்துல ஏதுங்க? குழியிலதான் கெடக்குது."
ஹோஸை மாடிக்கு இழுத்து மோட்டாரைப் போட்டு
அறுநூறு ரூபாயை எண்ணாமலே பையில் வைத்துக்கொள்வார்.

இதற்கு எங்கே ஒரு ஸ்லைடர்?
சரிவுக்கு உண்டு, ஆவியாதலுக்கு உண்டு,
பாறையின் கடினத்துக்குக்கூட உண்டு.
முப்பது எட்டில் சாகவேண்டிய துளி
பழைய லேலண்டில் ஏறி
மூன்று மாடி மேல்நோக்கிப் பாய்வதற்கு
எவனும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த நடைக்கு முன்பு தொட்டியைக் கழுவ இறங்கினேன்.
அடியில் விரல்கடை ஆழம் சாம்பல் மாவு.
மூலைகளில் தடித்து, நடுவில் மெலிந்து,
குழாய்த் தண்ணீர் விழும் இடத்திலிருந்து
விசிறியாய் விரிந்து,
மூன்று நாளாகத் திரையில் வரவழைக்க முடியாத
அதே வண்டல்.
முட்டிவரை ஈரத்தோடு
போட்டோ எடுத்தேன்.
பிறகு துடைப்பத்தால் தள்ளினேன், வேறென்ன செய்ய.

பள்ளத்தை நிரப்பவில்லை.
பிரஜ்வல் கேட்டான்,
"அந்தச் சதுரம் என்ன மேடம், இடிஞ்ச கோட்டையா?
நல்லாருக்கு. வெச்சுக்கலாம்."
ம் என்றேன்.

ஒவ்வொரு மலையும் முடிவில் ஒரு விதை எண் கேட்கும்.
அந்த எண்ணை மறுபடி கொடுத்தால்
அதே மழை, அதே இடங்களில்,
ஒரு துளி பிசகாமல் பெய்யும்.
பலரும் பிறந்தநாள் போடுவார்கள்.
நான் நாகோஜியின் கைபேசி எண்ணில்
கடைசி ஆறு இலக்கத்தைப் போட்டேன்.

மறந்தாலும் பரவாயில்லை.
மாடிப்படிச் சுவரில்
கரியால் எழுதியிருக்கிறது.